நெப்போலியன் காலப் படைக் குழுவில் சேர்வது எப்படி? பிரிட்டனில் இருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பிரிட்டனில் கோடைக்கால வார இறுதிகளில் பழைய கோட்டைத் திடல்களில் சிவப்புக் கோட்டும் உயரத் தொப்பியுமாக வரிசை கட்டி நின்று துப்பாக்கி வெடிக்கிறார்களே, நெப்போலியன் காலப் போர்களைப் பொழுதுபோக்காக நடித்துக்காட்டும் அவர்கள் கூலிக்கு வந்த நடிகர்கள் இல்லை. பிளம்பர், பள்ளி ஆசிரியர், ஐ.டி. ஊழியர் என்று எல்லாரும் சொந்தக் காசில் வந்தவர்கள். நாமும் சேரலாம், சேர்வது சுலபம்தான். சேர்ந்த பிறகு கையில் துப்பாக்கி வர எத்தனை நாளாகும், அதற்குள் எவ்வளவு பணம் கரையும் என்பதைத்தான் யாரும் முதலிலேயே சொல்வதில்லை. இந்தியக் கடவுச்சீட்டையும் வாடகை வீட்டையும் வைத்துக்கொண்டு இந்த அலைச்சலை முழுசாக அலைந்தவன் நான். உங்களுக்கு அது வேண்டாம் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

நான் சொல்லும் சட்ட நடைமுறை இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிக்கானது. வட அயர்லாந்தில் இருப்பவர்களுக்குச் சட்டம் வேறு.

எதைச் செய்தாலும் ஒரு வரிசை இருக்கட்டும். காகித வேலையை முதலில் தொடங்குங்கள், கடைக்குக் கடைசியில் போங்கள். பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

1. குழுவைத் தேர்ந்தெடுப்பது

நெப்போலியானிக் அசோசியேஷன் என்ற அமைப்பின் குடையின் கீழ் பல குழுக்கள் இயங்குகின்றன. ஒவ்வொரு குழுவும் அந்தக் காலத்து ஒரு ரெஜிமென்ட்டின் (படைப்பிரிவின்) பெயரை வைத்திருக்கும். 33-ஆவது காலாட்படை, 68-ஆவது டர்ஹம் படை, பச்சைச் சட்டை போட்ட 95-ஆவது ரைஃபிள்ஸ், பிரெஞ்சுப் பக்கத்தில் 21-ஆவது லைன் (வரிசைக் காலாட்படை) என்று போகும். எந்த ரெஜிமென்ட் பிடிக்கும் என்பதை விட எந்தக் குழு உங்கள் வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் கவாத்து நடத்துகிறது என்று பாருங்கள். தூரமான குழுவில் ஆசைப்பட்டுச் சேர்ந்தவர்கள் அடுத்த ஆண்டு வருவதில்லை.

புதிதாக வரும் பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் 95-ஆவது ரைஃபிள்ஸைத்தான் கேட்பார்கள். பச்சைச் சட்டைக்கு அப்படி ஒரு மவுசு. அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அவர்கள் வைத்திருந்த பேக்கர் ரைஃபிளின் குழலுக்குள் சுருள் வரிகள் உண்டு. வரியுள்ள குழல் என்றால் காவல்துறை தரும் உரிமங்களில் கடுமையான ஃபயர்ஆர்ம் சான்றிதழ் வேண்டும். வரியில்லாத மழமழப்பான குழலென்றால் ஷாட்கன் சான்றிதழே போதும். அதனால்தான் பல ரைஃபிள்ஸ் குழுக்களில் வெளியே பேக்கர் மாதிரியும் உள்ளே மழமழப்பாகவும் இருக்கும் நகல்களை வைத்திருக்கிறார்கள்.

பிரெஞ்சுக் குழுக்களையும் ஒதுக்காதீர்கள். பிரிட்டனில் அவர்களுக்கு ஆள் பற்றாக்குறை என்பதால் புதியவர்களை நன்றாகக் கவனிப்பார்கள். என்ன, பெரும்பாலான ஞாயிற்றுக்கிழமைகளில் தோற்க வேண்டியிருக்கும். குதிரைப்படை ஆசை இருந்தால், சொந்தக் குதிரையும் அதைக் கட்டிக் காக்கும் வசதியும் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

குழுச் செயலாளருக்கு மின்னஞ்சல் அனுப்பும்போது இவற்றைக் கேளுங்கள்: சாதாரண நிகழ்ச்சிக்கு எத்தனை பேர் வருவார்கள்? புதியவர்களுக்குக் கடன் கொடுக்க உடை இருக்கிறதா? எந்த ஆண்டைக் காட்டுகிறீர்கள்? கடைசிக் கேள்வி அற்பமாகத் தெரியும். ஆனால் பிரிட்டிஷ் படையில் 1812 வாக்கில் தொப்பியின் வடிவமே மாறியது. 1809-ஐக் காட்டும் குழுவில் வாட்டர்லூ போர் (1815) காலத் தொப்பியோடு போய் நின்றால், வாங்கிய காசு தண்டம்.

நம்மவர்கள் வாய்விட்டுக் கேட்கத் தயங்கும் கேள்வி ஒன்று உண்டு. இந்தத் தோல் நிறத்தோடு வரிசையில் நிற்க விடுவார்களா? விடுவார்கள். அந்தக் காலத்துப் படையும் முழு வெள்ளையாக இருக்கவில்லை. 29-ஆவது காலாட்படையில் 1759 முதல் 1843 வரை கறுப்பினத்தவர்தான் முரசு அடித்தார்கள். நிறத்தை விடத் தாடிதான் அங்கே பெரிய பிரச்சினை. பிரிட்டிஷ் வரிசைச் சிப்பாய்க்குக் கிருதா மட்டும்தான். தாடிக்கு இடம் கோடரி தூக்கும் பயனியருக்குத்தான். மீசையை விட மனமில்லாதவர்கள் பிரெஞ்சுக் கிரெனடியர் (தேர்ந்தெடுத்த சிப்பாய்) பக்கம் போய்விடுங்கள்.

பெண்கள் பல குழுக்களில் ஆண் வேடத்தில் துப்பாக்கியோடு நிற்கிறார்கள், சில குழுக்கள் ஒத்துக்கொள்வதில்லை. இதை முதல் மின்னஞ்சலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

2. எப்போது சேர்வது

ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை நிகழ்ச்சிக் காலம். ஜூனில் ஒரு நிகழ்ச்சியைப் பார்த்து ஆசைப்பட்டு உடனே சேர்ந்தால், அந்த ஆண்டு முழுக்கத் தண்ணீர் தூக்கும் வேலைதான் கிடைக்கும். பார்ப்பதைக் கோடையில் பாருங்கள், சேர்வதை அக்டோபரில் வைத்துக்கொள்ளுங்கள். குளிர்காலக் கவாத்து நாட்களில் சார்ஜென்டுக்கு நேரம் இருக்கும், பொறுமையும் கொஞ்சம் இருக்கும். காகிதங்கள் நகரவும் அந்த இடைவெளி தேவை.

ஆண்டுச் சந்தா பெரிய தொகை இல்லை. அதற்குள் பொதுப் பொறுப்புக் காப்பீடு அடங்குமா என்று மட்டும் கேட்டு, சந்தா கட்டிய பிறகே களத்தில் இறங்குங்கள்.

3. காகிதங்கள்

மனசு விட்டுப்போவது இந்தக் கட்டத்தில்தான், அதனால் நிதானமாகப் படியுங்கள்.

மழமழப்பான குழல் 24 அங்குலத்துக்குக் குறையாமல் இருந்தால், அந்தச் சக்கிமுக்கி மஸ்கெட் (அந்தக் கால நீளத் துப்பாக்கி) சட்டத்தின் கண்ணில் ஒரு ஷாட்கன். உங்கள் பகுதிக் காவல்துறையின் துப்பாக்கி உரிமப் பிரிவில் விண்ணப்பிக்க வேண்டும். 2025 பிப்ரவரியில் கட்டணத்தை ஏற்றிவிட்டார்கள். 79.50 பவுண்டாக இருந்த புதிய ஷாட்கன் சான்றிதழ் இப்போது 194 பவுண்டு, புதுப்பிக்க 126. ஃபயர்ஆர்ம் சான்றிதழ் 198, புதுப்பிக்க 131. இரண்டும் ஐந்து ஆண்டு செல்லும். பழைய கட்டுரைகளில் 79.50 என்று படித்துவிட்டுக் கணக்குப் போடாதீர்கள்.

விண்ணப்பத்தோடு என்னென்ன வேண்டும் என்று பார்ப்போம்.

மருத்துவச் சான்று: உங்கள் ஜி.பி. (குடும்ப மருத்துவர்) நிரப்பிக் கொடுக்க வேண்டிய படிவம். அவர் கட்டணம் கேட்கலாம், இடத்துக்கு இடம் தொகை வேறு. கொள்கை காரணமாகச் சில மருத்துவர்கள் மறுப்பதும் உண்டு. மறுத்தால் பதிவு பெற்ற வேறு மருத்துவரிடம் போகலாம், செலவு கூடும். இன்னும் ஜி.பி.யிடம் பதிவே செய்யாமல் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் நாளைக்கே போய்ப் பதிவு செய்யுங்கள்.

நற்சான்று தருபவர்கள்: உங்களைக் குறைந்தது இரண்டு ஆண்டுகளாகத் தெரிந்த, பிரிட்டனில் வசிக்கும் இரண்டு பேர். குடும்பத்தார் கூடாது. காவல்துறையில் இருப்பவரும் துப்பாக்கி வணிகரும் கூடாது. முன்பு ஃபயர்ஆர்ம் சான்றிதழுக்கு மட்டும்தான் இரண்டு பேர், 2025 ஆகஸ்ட் முதல் ஷாட்கனுக்கும் அப்படித்தான். எதற்கு விண்ணப்பித்தாலும் இரண்டு பேரைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். இந்த நாட்டுக்கு வந்து ஓராண்டுதான் ஆகிறது என்றால் இந்த ஒரு விதியே உங்களை நிறுத்திவிடும். அதுவரை துப்பாக்கி இல்லாத வேலைகளில் சேர்ந்து பழகலாம்.

நன்னடத்தைச் சான்று: வெளிநாட்டிலிருந்து வந்து அதிக காலம் ஆகாதவர்களிடம் முன்பு வாழ்ந்த நாட்டின் காவல்துறைச் சான்றைக் கேட்கலாம். இந்தியர்களுக்கு இங்குள்ள தூதரகம் வழியாகப் பி.சி.சி. என்ற காவல்துறைச் சான்று, இலங்கையர்களுக்கு அவர்கள் நாட்டுப் பொலிஸ் சான்று. கேட்கும் வரை காத்திருக்காமல் முன்பே வாங்கி வையுங்கள். என் விஷயத்தில், விண்ணப்பம் போய்ப் பல மாதம் கழித்துத்தான் அலுவலகம் அதைக் கேட்டது. அதைக் கொடுத்த பிறகு மறுபடியும் காத்திருப்பு.

குழுவின் கடிதம்: நீங்கள் உறுப்பினர், இன்ன தேவைக்குத் துப்பாக்கி வேண்டும் என்று செயலாளர் எழுதித் தருவார்.

பிறகு ஓர் அதிகாரி வீட்டுக்கு வருவார். துப்பாக்கியை எங்கே பூட்டி வைப்பீர்கள் என்பதுதான் அவருடைய முக்கியக் கேள்வி. பி.எஸ். 7558 தரமுத்திரை உள்ள இரும்புப் பெட்டியைச் சுவரில் திருகி வைத்திருக்க வேண்டும். இதில் வாடகை வீட்டுக்காரர்களுக்கு இரண்டு பொறிகள். சுவரில் துளை போட வீட்டு உரிமையாளரின் சம்மதம் வேண்டும், அதை எழுத்தில் வாங்குங்கள். நண்பர்களோடு சேர்ந்து குடியிருந்தால், சாவி உங்களைத் தவிர வேறு யார் கைக்கும் எட்டக்கூடாது. மனைவி கைக்கும்தான்.

பெட்டி வாங்கும்போது உயரத்தை அளந்து வாங்குங்கள். கடையில் மலிவாகக் கிடைப்பவை சுமார் 130 சென்டிமீட்டர் உயரம், நவீன வேட்டைத் துப்பாக்கிக்குச் செய்தவை. பிரிட்டிஷ் படையின் ‘இந்தியா பேட்டர்ன்’ ரக மஸ்கெட் கிட்டத்தட்ட 140 சென்டிமீட்டர், பிரெஞ்சு மஸ்கெட் ஒன்றரை மீட்டர். கதவு மூடாது. கூடுதல் உயரப் பெட்டி என்று கேட்டு வாங்க வேண்டும்.

கருமருந்துக்குத் தனிச் சான்றிதழ். வெடிபொருள் விதிகளின்படி அதையும் காவல்துறைதான் தருகிறது. ஷாட்கன் விண்ணப்பத்தோடு சேர்த்தே போடுங்கள், வீட்டுக்கு வரும் அதிகாரி இரண்டையும் ஒன்றாகப் பார்த்துவிடுவார். மருந்தை வைக்க அறைகள் தடுத்த மரப்பெட்டி வேண்டும். குழுவில் யாராவது தச்சு வேலை தெரிந்தவர் செய்து வைத்திருப்பார்.

மொத்தம் எவ்வளவு நாளாகும்? மாவட்டத்தைப் பொறுத்தது. சில இடங்களில் சில மாதம், சில இடங்களில் ஓராண்டை நெருங்கும். காத்திருக்கும் அந்த மாதங்களில் குழுவின் துப்பாக்கியை நீங்கள் தொடலாமா, எந்தச் சூழ்நிலையில் தொடலாம் என்பதைக் குழுவின் பாதுகாப்பு அதிகாரி சொல்வதுபடி மட்டும் செய்யுங்கள். ‘கொஞ்ச நேரம் பிடித்துக்கொள்’ என்று எந்த நண்பர் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

4. உடையும் பொருட்களும்

குழுவிடம் ஒரு பட்டியல் இருக்கும். அதில் இல்லாத எதையும், அதில் சொல்லாத கடையில் வாங்காதீர்கள். இணையத்தில் ‘நெப்போலியன் காலச் சிவப்புக் கோட்டு’ என்று மலிவாக வருவதில் பாதி நாடக உடை. பொத்தானும் காலர் நிறமும் ரெஜிமென்ட்டுக்கு ரெஜிமென்ட் மாறும். 33-க்குச் சிவப்பு, 68-க்குப் பச்சை.

வாங்கும் வரிசை இது: முதலில் செருப்பு, அதாவது அந்தக் கால ஷூ. பிறகு சட்டை, காற்சட்டை. அப்புறம் கோட்டு. பட்டைகளும் தோட்டாப் பெட்டியும் அதற்கு அடுத்து. துப்பாக்கி கடைசி. ஷூ முதலில் ஏனென்றால் அதை மட்டும்தான் யாரிடமும் கடன் வாங்கிப் போட முடியாது. அந்தக் கால ஷூவில் இடது வலது கிடையாது, இரண்டும் ஒரே அச்சு. சில நாள் வீட்டுக்குள் போட்டு நடந்தால்தான் கால் ஒத்துக்கொள்ளும். அடியில் ஆணி அடித்திருப்பதால் கோட்டையின் கருங்கல் படிகளில் வழுக்கும், ஜாக்கிரதை.

அளவெடுத்துத் தைத்த கம்பளிக் கோட்டு முந்நூறு பவுண்டைச் சுலபமாகத் தாண்டும். தொப்பி, பட்டைகள், முதுகுப்பை, தண்ணீர்க் குப்பி, ஷூ எல்லாம் சேர்த்துத் துப்பாக்கி இல்லாமலேயே ஆயிரம் பவுண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே மாதத்தில் வாங்க வேண்டியதில்லை. குழுவை விட்டு விலகுபவர்களும் உடம்பு பெருத்தவர்களும் விற்கும் பழைய கோட்டுகள் பாதி விலைக்குக் கிடைக்கும். நம் உடல்வாகுக்கு அவற்றைப் பெரும்பாலும் பிடித்துத் தைக்க வேண்டியிருக்கும். தையல் தெரிந்த ஒருவர் எந்தக் குழுவிலும் இருப்பார், அவரைப் பகைத்துக்கொள்ளாதீர்கள்.

மார்பில் குறுக்காகப் போடும் தோல் பட்டைகளுக்கு வெள்ளை பூச வேண்டும். பைப்க்ளே என்ற வெள்ளைக் களிமண்தான் அசல். மழை பெய்தால் அது கரைந்து சிவப்புக் கோட்டில் வரிவரியாக இறங்கும். பல குழுக்கள் வெள்ளை ஷூ பாலிஷை அனுமதிக்கின்றன. கேட்டுவிட்டுப் பூசுங்கள்.

கண்ணாடி போடுபவர்கள் கான்டாக்ட் லென்ஸ் போடுங்கள், இல்லையென்றால் அந்தக் கால வடிவ வட்டச் சட்டகத்தில் உங்கள் பவரை மாற்றிக்கொள்ளுங்கள்.

இனித் துப்பாக்கி. இத்தாலியின் பெடர்சோலி நிறுவன நகல் ஆயிரம் பவுண்டுக்கு மேல். இந்தியாவில் செய்த நகல்கள் அதைவிட மிகவும் மலிவு. இங்கே களத்தில் வெடிப்பவற்றில் கணிசமானவை அவைதான். அதைக் கேட்டதும் நமக்கு ஒரு யோசனை வரும்: ஊருக்குப் போகும்போது நாமே ஒன்று வாங்கி வந்தால் என்ன? வேண்டவே வேண்டாம். இந்தியாவில் செய்து இங்கே விற்கப்படும் துப்பாக்கிக்குழல் லண்டன் அல்லது பர்மிங்ஹாம் ப்ரூஃப் ஹவுஸில் சோதித்து முத்திரை பெற்றிருக்க வேண்டும். தீத்துளை (குழலுக்குள் நெருப்புப் போகும் சின்னத் துளை) போடாமல் ‘அலங்காரப் பொருள்’ என்று சில நகல்கள் விற்பனைக்கு வரும். சான்றிதழ் இல்லாமல் அதில் துளை போட்ட கணமே நீங்கள் சட்டவிரோதத் துப்பாக்கி வைத்திருப்பவர். பதிவு பெற்ற வணிகரிடமோ சான்றிதழ் வைத்திருக்கும் சக உறுப்பினரிடமோ நேரில் வாங்குங்கள். வாங்கிய ஏழு நாளுக்குள் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தியான பயனெட்டைப் பற்றி ஒரு வார்த்தை. நிகழ்ச்சித் திடலுக்கு வெளியே அது இடுப்பில் தொங்கக்கூடாது. போகும் வழியில் டெஸ்கோவில் பால் வாங்க அப்படியே இறங்கிவிடுகிறார்கள், அப்புறம் காவலரிடம் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்கிறார்கள். மஸ்கெட் உறைக்குள், பயனெட் பைக்குள், சான்றிதழ் சட்டைப்பையில்.

5. கவாத்தும் வெடிப்பதும்

பிரிட்டிஷ் குழுக்கள் 1792-ஆம் ஆண்டு விதிநூலை ஒட்டியும், பிரெஞ்சுக் குழுக்கள் 1791 விதிகளை ஒட்டியும் கவாத்து செய்கின்றன. பிரெஞ்சுக் குழுவில் கட்டளைகளும் பிரெஞ்சில்தான். இருபது வார்த்தை மனப்பாடம் செய்தால் போதும், இலக்கணம் வேண்டாம்.

தோட்டா என்பது காகிதச் சுருளுக்குள் கருமருந்து மட்டும். குண்டு கிடையாது. சக்கிமுக்கிக் கல்லைக் கவ்வியிருக்கும் ‘குதிரை’யைப் பாதி இழுத்து, காகித முனையைப் பல்லால் கடித்துக் கிழித்து, பூட்டின் (வெடிக்க வைக்கும் பொறியின்) பக்கமுள்ள கிண்ணியில் ஒரு சிட்டிகை போட்டு மூடி, துப்பாக்கியை நிமிர்த்தி மீதியைக் குழலில் கொட்ட வேண்டும். வாயில் உப்புக் கரிக்கும், அது மருந்திலுள்ள வெடியுப்பு. இரண்டு மூன்று முறை வெடித்ததும் உதடும் கன்னமும் கறுத்துப்போகும். தண்ணீரைக் கொப்பளித்துத் துப்புங்கள், விழுங்க வேண்டாம். மருந்தை இடிக்கும் நீண்ட இரும்புக் கம்பியை இங்குள்ள குழுக்கள் பொதுவாகக் களத்தில் உருவுவதே இல்லை. பதற்றத்தில் குழலுக்குள்ளேயே விட்டுவிட்டால் அது ஈட்டியாகப் பறக்கும். காகிதமும் உள்ளே போகக்கூடாது, கீழே போட்டுவிடுங்கள்.

பூட்டு துப்பாக்கியின் வலப்பக்கம் இருப்பதால், வெடிக்கும்போது தீத்துளையிலிருந்து வரும் நெருப்பு உங்களுக்கு வலப்பக்கம் நிற்பவர் மேல்தான் போகும். அதைத் தடுக்கப் பித்தளைத் தடுப்பு ஒன்று மாட்ட வேண்டும். கிண்ணி மூடியான இரும்புத் தகட்டுக்குத் தோலுறையும் வேண்டும், தவறிப்போய்ப் பொறி பறக்காமல் இருக்க. இரண்டும் சில பவுண்டுதான். காதடைப்பானும் போடுங்கள். பின்வரிசைக்காரரின் குழல்வாய் உங்கள் காதை ஒட்டித்தான் வெடிக்கும்.

விசையை இழுத்தும் வெடிக்காவிட்டால் வாயை மேலே நோக்கியே வைத்திருங்கள். எட்டிப் பார்க்காதீர்கள், சாய்க்காதீர்கள், சார்ஜென்டிடம் சொல்லுங்கள். பெரும்பாலும் தீத்துளை அடைத்திருக்கும், அல்லது சக்கிமுக்கிக் கல் மழுங்கியிருக்கும். கல் இரண்டு மூன்று கூடுதலாகப் பையில் இருக்கட்டும்.

அன்றிரவே துப்பாக்கியைக் கழுவ வேண்டும். எவ்வளவு களைப்பாக இருந்தாலும் சரி. தீத்துளையில் தீக்குச்சியைச் செருகி அடைத்துவிட்டு, குழலில் வெந்நீர் ஊற்றிக் குலுக்கினால் முதலில் மைபோல் கறுப்பாக வரும். தெளிந்த நீர் வரும்வரை ஊற்றி, துணியால் துடைத்து, எண்ணெய் போடுங்கள். கருமருந்தின் கசடு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் செந்துரு பிடித்திருக்கும்.

6. முகாம்

துணிக் கூடாரம், வைக்கோல் படுக்கை, விறகடுப்பு. பார்வையாளர் இருக்கும் நேரத்தில் பிளாஸ்டிக்கும் கைபேசியும் கண்ணில் படக்கூடாது. ஜூலை இரவிலும் குளிரும். நவீன ஸ்லீப்பிங் பேக் மேல் கம்பளியைப் போர்த்திவிட்டால் யாரும் கேட்கமாட்டார்கள். பானையில் வேகுவது அநேகமாக மாட்டிறைச்சிக் குழம்பு. சாப்பிடாதவர்கள் ஒரு வாரம் முன்பே சமையல்காரரிடம் சொல்லிவிடுங்கள், பருப்பும் காய்கறியும் போட்டுத் தனிப் பானை வைப்பார். மிளகாய்த்தூளைச் சின்னத் துணிப் பையில் நீங்களே கொண்டு போவது உத்தமம்.

சினிமா, தொலைக்காட்சிக்காரர்கள் சில நேரம் குழுவைத் துணை நடிகர்களாகக் கூப்பிடுவார்கள். மாணவர் விசா, வேலை விசாவில் இருப்பவர்கள் காசு வாங்கச் சம்மதிக்கும் முன் விசா நிபந்தனையைப் படித்துப் பாருங்கள்.

7. வெளிநாட்டு நிகழ்ச்சிகள்

அந்தக் காலப் போர்க்களங்களிலேயே நடப்பவை இவை: வாட்டர்லூ (பெல்ஜியம்) ஜூனில், லைப்சிக் (ஜெர்மனி) அக்டோபரில், ஆஸ்டர்லிட்ஸ் (செக் குடியரசு) டிசம்பர் 2-ஐ ஒட்டி. 2015-இல் வாட்டர்லூவின் 200-ஆவது ஆண்டுக்கு ஐயாயிரம் பேர் அளவில் சீருடையில் கூடினார்கள். ஒருமுறையாவது போக வேண்டியவைதான், ஆனால் முதல் ஆண்டிலேயே வேண்டாம்.

பிரெக்ஸிட்டுக்குப் பிறகு பிரிட்டன் தந்த ஐரோப்பியத் துப்பாக்கிக் கடவுச்சீட்டு அங்கே செல்லாது. போகும் நாட்டின் அனுமதியைத்தான் பெற வேண்டும். குழுவில் ஒருவர் எல்லாருடைய துப்பாக்கி எண்களையும் சேர்த்து அனுப்புவார், அவர் கேட்ட அன்றே கொடுத்துவிடுங்கள். யூரோஸ்டார் ரயிலில் நகல் ஆயுதங்களைக்கூட ஏற்றமாட்டார்கள். குழுவோடு வண்டியில்தான் போக வேண்டும். கருமருந்தை எல்லை தாண்டிக் கொண்டுபோகும் பேச்சே இல்லை. ஏற்பாட்டாளர்கள் அங்கே தருவார்கள்.

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். கட்டணம் 90 யூரோ, இடைநிலை நிறுவனத்தின் சேவைக் கட்டணம் தனி. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசி 15 நாளுக்குள் முடியாது. கோடைப் பயணத்துக்கு விண்ணப்பம் கொடுக்க நேரம் கிடைப்பது குதிரைக்கொம்பு. வாட்டர்லூ போவதென்றால் ஜனவரியிலேயே தேதி பிடித்து வையுங்கள். தங்குவது கூடாரத்தில் என்பதால் ஹோட்டல் பதிவு இருக்காது. தங்குமிடத்துக்குச் சான்று இல்லாத விண்ணப்பத்தைத் திருப்பிவிடலாம். எனவே உங்கள் பெயர், தேதிகள், முகாமில் தங்க இடம் தருகிறோம் என்ற வரி, இம்மூன்றும் உள்ள அழைப்புக் கடிதத்தை ஏற்பாட்டாளரிடம் குழு மூலமாகக் கேட்டு வாங்குங்கள். பொதுவாக எல்லாருக்கும் அனுப்பும் வரவேற்புக் கடிதத்தில் இவை இருப்பதில்லை.